45 டிகிரியில் யாருக்கு என்ன வேலை? அகமதாபாத் மாநகராட்சியின் வெப்பச் செயல் திட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2010 மே மாதத்தில் அகமதாபாத் நகரில் 4,462 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அதே மே மாத இறப்புகளின் சராசரி 3,118. வித்தியாசம் 1,344 உயிர்கள். மே 21 அன்று வெயில் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமான மே நாளில் சுமார் நூறு பேர் இறக்கும் அந்த நகரில் அன்று ஒரே நாளில் 310 பேர் இறந்தார்கள்.

மருத்துவமனைப் பதிவுகளில் இந்த எண்ணிக்கையைத் தேடினால் கிடைக்காது. வெப்பத்தால் இறந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மூச்சுத்திணறல் என்றுதான் எழுதியிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே வீட்டிலேயே இறந்த முதியவருக்கு 'முதுமை' என்று எழுதுவார்கள். பிறப்பு இறப்புப் பதிவேட்டை நாள் வாரியாகப் பிரித்து வெப்பநிலைப் பதிவோடு ஒப்பிட்டபோதுதான் அந்த மே மாதத்தில் என்ன நடந்தது என்பது தெரிந்தது. பதிவேடு மாநகராட்சியின் கையில் இருந்தது. அதனால் அதை அடிப்படையாக வைத்துத் திட்டம் போடவும் மாநகராட்சியால் முடிந்தது.

2013-ல் அகமதாபாத் மாநகராட்சி தன் வெப்பச் செயல் திட்டத்தை வெளியிட்டது. தெற்காசியாவில் ஒரு நகரம் போட்ட முதல் வெப்பத் திட்டம் இது. காந்திநகர் இந்தியப் பொது சுகாதாரக் கழகமும் அமெரிக்காவின் என்.ஆர்.டி.சி. என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் எமரி உள்ளிட்ட பல்கலைக்கழகங்களும் உடன் உழைத்தன. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் கணிப்பில் திட்டத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. எச்சரிக்கை வந்த நாளில் எந்தத் துறை தன் வழக்கமான வேலையை எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. மாற்ற முடிந்த இடங்களில் திட்டம் உயிர்களைக் காத்தது. போக்குவரத்தைப் போல முழுதாக மாறாத இடங்களில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

வரம்பு எண் எங்கிருந்து வந்தது

முதல் திட்டத்தில் 41.1 முதல் 43 டிகிரி வரை மஞ்சள், 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு, 45-ம் அதற்கு மேலும் சிவப்பு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொது வரையறைப்படி சமவெளியில் 40 டிகிரி, கடற்கரையில் 37 டிகிரி, மலைப்பகுதியில் 30 டிகிரி தொட்டால்தான் வெப்ப அலை என்ற பேச்சே தொடங்கும். அதன் மேல் இயல்பைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் மே மாத அகமதாபாத்தில் 41 டிகிரி சாதாரணம். அங்கே 40-க்கே எச்சரிக்கை கொடுத்தால் கோடை முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும், பத்தே நாளில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அதனால் அந்த ஊரில் எந்த வெப்பநிலைக்கு மேல் இறப்பு கூடுகிறது என்று பார்த்து வரம்பை வைத்தார்கள்.

இதை எந்த நகராட்சியும் செய்யலாம். பத்து ஆண்டுகளின் தினசரி இறப்பு எண்ணிக்கை, அதே நாட்களின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம் ஆகியவை போதும். தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, பதிவேட்டில் பதிவு செய்த தேதி ஒன்று, இறந்த தேதி வேறொன்று. எடுக்க வேண்டியது இறந்த தேதியை. இரண்டாவது, பெரிய அரசு மருத்துவமனை உள்ள ஊரில் வெளியூர் நோயாளிகளின் இறப்பும் அங்கேயே பதிவாகும். முகவரியை வைத்து அவற்றைப் பிரிக்காவிட்டால் வரைபடம் பொய் சொல்லும். மூன்றாவது, நாளொன்றுக்கு ஐந்தாறு இறப்பு மட்டுமே உள்ள சிறு நகரத்தில் எண்கள் தாமாகவே மேலும் கீழும் ஆடும். மாவட்டம் முழுவதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வெப்பத்தின் விளைவு அதே நாளில் முடிந்துவிடாது. அடுத்த இரண்டு மூன்று நாட்களின் இறப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தொலைபேசிச் சங்கிலி

திட்டத்தின் நடுவில் இருப்பவர் சுகாதாரத் துறையின் ஒருங்கிணைப்பு அலுவலர். முன்னறிவிப்பு அவருக்கு வரும். தொடக்க ஆண்டுகளில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் ஏழு நாள் முன்னறிவிப்பு தயாரித்துக் கொடுத்தது. பிறகு வானிலை ஆய்வுத் துறையே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. எந்த நிறம் என்று முடிவானதும் மருத்துவமனைகள், நகர்ப்புற சுகாதார மையங்கள், 108 ஆம்புலன்ஸ், குடிநீர்ப் பிரிவு, பூங்காப் பிரிவு, பேருந்துக் கழகம், தொழிலாளர் துறை, பத்திரிகைகள் ஆகியவற்றுக்குத் தகவல் போகும். மருத்துவமனை போன்ற முக்கிய இடங்களுக்கு மின்வெட்டு வராமல் பார்த்துக்கொள்ளும்படி மின் விநியோக நிறுவனத்துக்கும் சொல்லப்படும்.

இது எழுதுவதற்கு எளிது, நடத்துவதற்குக் கடினம். வாட்ஸ்அப் குழுவில் செய்தியை அனுப்பியதோடு கடமை முடிந்ததாக நினைப்பது எல்லா ஊரிலும் நடக்கும் பிழை. 'பூங்காக்களைத் திறந்து வைக்கவும்' என்று வந்தால், சாவி காவலாளியிடம் இருக்கும். அவருக்கு மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை பணியே இருக்காது. அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூடுதல் ஆள் போடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதைக் கோடைக்கு முன்பே எழுதி வைத்தால்தான் கேட் திறக்கும். தொலைபேசி எண்கள் இன்னொரு சிக்கல். ஆண்டுதோறும் அலுவலர்கள் மாறுகிறார்கள், பட்டியல் பழையதாகவே கிடக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் ஒவ்வொரு எண்ணையும் அழைத்துச் சரிபார்ப்பதும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒத்திகை பார்ப்பதும் செலவில்லாத வேலைகள். ஞாயிறு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், விடுமுறை நாளில்தான் சங்கிலி அறுகிறது.

ஒரு வார்டை மாடி மாற்றியது

ஷார்தாபென் பொது மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் இருந்த பிரிவு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தது. வெயில் நேரத்தில் கூரை வாங்கிய சூடு அந்த அறைக்குள் இறங்கியது. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு வியர்க்கும் திறன் குறைவு. தாகம் என்று சொல்லவும் தெரியாது. அங்கே நடந்த ஆய்வு, 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் வெப்பம் தொடர்பான குழந்தைச் சேர்க்கைகள் 43 சதவீதம் கூடியதைக் காட்டியது. பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியபின் அத்தகைய சேர்க்கைகள் 64 சதவீதம் குறைந்தன.

இதற்குப் புதுக் கட்டடமோ ஏசியோ தேவைப்படவில்லை. கட்டில்களும் இணைப்புகளும் இடம் மாறின. எந்த மாநகராட்சியும் தன் மருத்துவமனைகள், மகப்பேறு மையங்கள், அங்கன்வாடிகள், வீடற்றோருக்கான இரவுக் காப்பகங்கள் ஆகியவற்றில் கூரைக்கு நேர் கீழே யார் இருக்கிறார்கள் என்று இந்தப் பிப்ரவரியிலேயே ஒரு பட்டியல் எடுக்கலாம். மேல் மாடியில் அலுவலகக் கோப்பும் கீழே நோயாளியும் இருக்க வேண்டும். நம் ஊர்களில் பல கட்டடங்களில் இது தலைகீழாக இருக்கிறது.

மருத்துவர், செவிலியர் பயிற்சியும் திட்டத்தின் ஒரு தூண். உடலின் உட்புற வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. முதல் அரை மணி நேரத்தில் உடலைக் குளிர்விப்பதில்தான் பிழைப்பு இருக்கிறது. பாராசிட்டமால் பயன்படாது, இது காய்ச்சல் அல்ல. ஐஸ் தண்ணீரில் உடலை அமிழ்த்துவது சிறந்தது. தொட்டி இல்லாத இடத்தில் தார்பாலினை நாலு பேர் தொட்டில் போலப் பிடித்து, நோயாளியை அதில் கிடத்தி, ஐஸ் கலந்த தண்ணீரை ஊற்றி அசைத்துக்கொண்டே இருக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் கட்டி வைத்து, உடலை நனைத்து, விசிறியை வைக்க வேண்டும். அக்குளில் வைக்கும் வெப்பமானி குறைத்துக் காட்டும். ஆசனவாய் வெப்பமானி இல்லாத அவசரப் பிரிவில் பல நோயாளிகள் 'மயக்கம்' என்ற பெயரில் ஓரமாகக் கிடத்தப்படுவார்கள்.

கூரை

2017-ல் அகமதாபாத் குடிசைப் பகுதிகளில் சுமார் 3,000 வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் முன்னோட்டம் தொடங்கியது. சாம்பல் நிற சிமென்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் ஐந்தில் நான்கு பங்கை அனுப்பும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒற்றை மாடி வீட்டில்தான் இது முழுதாகக் கிடைக்கும். நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கு எதுவும் தெரியாது.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் செய்முறையில்தான். தளத்தைப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, நன்கு கழுவ வேண்டும். நீர்த்த சுண்ணாம்பை ஓர் இரவு ஊறவைத்து, சலித்து, பசை சேர்த்து, ஈரமான தளத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கை அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் தண்ணீர் உடனே ஆவியாகி, சுண்ணாம்பு பிடிக்காமல் மாவாக உதிரும். காலை அல்லது மாலையில் அடித்து, மறுநாளும் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, வெயிலைத் திருப்பும் பெயின்ட்தான் பூச வேண்டும். ஒரு மழைக்காலம் போனால் சுண்ணாம்பு கரைந்துவிடும். தூசி படிந்தாலும் பலன் குறையும். ஆகவே இது ஒருமுறை செய்து திறப்பு விழா நடத்தும் வேலையாக இருக்கக் கூடாது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் வரும் பராமரிப்புச் செலவாக எழுத வேண்டும்.

பேருந்தும் நிழற்குடையும்

வெப்பத் திட்டங்களில் மிகவும் மெலிந்த பகுதி போக்குவரத்துதான். 'நிறுத்தங்களில் குடிநீர் வைக்கவும்' என்ற ஒரு வரியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஏழைத் தொழிலாளி, முதியவர், மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணி எல்லோரும் நடுப்பகலில் திறந்த வெளியில் அசையாமல் நிற்கும் இடம் பேருந்து நிறுத்தம். இதற்குக் கொடுக்க வேண்டிய கவனம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்பதே எங்கள் முக்கியக் குறை.

முதலில் நிழல். மே மாதம் அகமதாபாத்தில் உச்சி வேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது எந்தக் கூரையும் நிழல் தரும். மாலை நாலரை மணிக்கு அது அடிவானிலிருந்து சுமார் 35 பாகை உயரத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது 2.6 மீட்டர் உயரக் கூரையின் விளிம்பு நிழல் கிட்டத்தட்ட 3.7 மீட்டர் கிழக்கே தள்ளி விழும். நிழற்குடையின் அகலம் ஒன்றரை மீட்டர், திறந்த பக்கம் மேற்கு என்றால், பெஞ்சில் இருக்கும் எல்லோருக்கும் முகத்தில் வெயில். நிழல் பின்னால் நடைபாதையில் கிடக்கும். இதனால் ஒரே வடிவத்தை ஊர் முழுக்க வைப்பது தவறு. மேற்குப் பார்த்த நிறுத்தங்களுக்குப் பக்கத் தட்டி அல்லது இறக்கிய முன் தாழ்வாரம் வேண்டும். வடக்கு தெற்கு பார்த்தவற்றுக்கு மேற்குப் பக்கவாட்டுச் சுவர் போதும். தட்டியில் கால் பங்கு துளை விட்டால் காற்று வரும். விளம்பரப் பலகையால் முழுதாக அடைத்தால் உள்ளே புழுங்கும்.

அடுத்து பொருள். ஒற்றைத் தகடு கூரை சூடேறி, கீழே இருப்பவரின் தலைமேல் அனலை உமிழும். இரண்டு தகட்டுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மேல் தகட்டை வெள்ளையாக்கினால் அந்த அனல் பெருமளவு குறையும். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் கூரை பார்க்க அழகு, வெயிலுக்கு ஆகாது. எவர்சில்வர் இருக்கை மதியத்தில் தொட முடியாதபடி சுடும், மரச்சட்டமே நல்லது.

2025-ல் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்புடன் சேர்ந்து மாநகராட்சி லால் தர்வாஜா பேருந்து முனையத்தில் வெட்டிவேர் தட்டிகளைத் தொங்கவிட்டு, நீர் சொட்ட வைத்து, குளிர்ந்த நிறுத்தம் ஒன்றை அமைத்தது. பழைய வீடுகளின் வெட்டிவேர்த் தட்டிதான் இது. அங்கே இது வேலை செய்வதற்குக் காரணம் வறண்ட காற்று. 43 டிகிரி, 20 சதவீத ஈரப்பதம் என்றால், நீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய கடைசி எல்லை சுமார் 25 டிகிரி. அதாவது 18 டிகிரி இடம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே 6 டிகிரி. இதையே சென்னையில் 38 டிகிரி, 55 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் எல்லை 30 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு என்பது இரண்டரை டிகிரி மட்டுமே. கூடவே ஈரமும் ஏறி வியர்வை காயாது. வேலூர், திருச்சி, கரூர் போன்ற உள் மாவட்டங்களில் வெட்டிவேரும் நீர்த்தூவலும் பயன்படும். கடலோரத்தில் நிழலும் காற்றோட்டமும்தான் வழி. தட்டி வைக்கும் இடத்தில் நீர் தேங்கிக் கொசு வைக்காமல் பார்ப்பதும், உப்புத் தண்ணீர் சொட்டுக் குழாயை அடைக்காமல் வாரம் ஒருமுறை கழுவுவதும் யார் வேலை என்று எழுதாவிட்டால், அடுத்த கோடையில் காய்ந்த தட்டி மட்டும் தொங்கும்.

மூன்றாவது, பலரும் யோசிக்காதது, டிரிப் ஷீட், அதாவது பேருந்துகளின் நடை அட்டவணை. மதியம் 12 முதல் 4 வரை கூட்டம் குறைவு என்று டிப்போக்கள் டிரிப்பைக் குறைக்கின்றன. இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம். பாதியை நிறுத்தினால் இருபது. கூரை இல்லாத நிறுத்தத்தில் அந்தக் கூடுதல் பத்து நிமிடம்தான் ஆபத்து. சிவப்பு எச்சரிக்கை நாளில் மருத்துவமனை, சந்தை, தொழிற்பேட்டை வழித்தடங்களில் மதிய டிரிப்பைக் குறைக்கக் கூடாது என்ற ஒரு வரி, புது நிழற்குடைக்கு ஆகும் செலவில்லாமல் அதே அளவு பலன் தரும். பேருந்து வரும் நேரம் சரியாகத் தெரிந்தால் பயணி கடை நிழலில் நின்றுவிட்டுக் கடைசி நிமிடத்தில் வருவார்.

குடிநீர் அளவையும் கணக்குப் போட்டே வைக்க வேண்டும். மணிக்கு ஆயிரம் பேர் வந்துபோகும் முனையத்தில் ஆளுக்கு கால் லிட்டர் என்றால் காலை 11 முதல் மாலை 5 வரை 1,500 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 75. இரண்டு பானை வைத்துப் படம் எடுத்துப் போனால் அரை மணி நேரத்தில் காலி. ஓட்டுநர், நடத்துநர், தூய்மைப் பணியாளருக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கால் லிட்டர் தேவை. பெண் பணியாளர்கள் கழிப்பறை இல்லாத வழித்தடத்தில் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். திறந்திருக்கும் சுத்தமான கழிப்பறை வெப்பத் திட்டத்தின் பகுதிதான்.

சாலையைப் பற்றி ஒன்று மட்டும். ஏழு நாள் சராசரி உச்ச வெப்பம் 45-ஐத் தாண்டும் இடத்துக்கு வி.ஜி. 40 தரத் தாரும் (வி.ஜி. என்பது தாரின் பாகுத்தன்மைத் தரம்), 38 முதல் 45 வரை வி.ஜி. 30-ம் இந்தியத் தர நிர்ணயம் சொல்வது. பழைய விவரக்குறிப்பை அப்படியே நகல் எடுத்த டெண்டரில் போட்ட சாலை, பேருந்து நிறுத்தத்தில்தான் முதலில் இளகிப் பள்ளம் விழும். வண்டி நின்று கிளம்பும் இடம் அதுதானே.

எவ்வளவு பலித்தது, எங்கே பலிக்கவில்லை

திட்டத்துக்கு முந்தைய 2007–10 காலத்தோடு 2014, 2015 ஆண்டுகளை ஒப்பிட்ட ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான். மக்களின் பழக்கமும் வசதியும் மாறியதையும் திட்டத்தின் பலனையும் முழுதாகப் பிரிக்க முடியாது. 2016 மே 20 அன்று அகமதாபாத் 48 டிகிரியைத் தொட்டது. அப்போது கையில் ஒரு திட்டமாவது இருந்தது.

பணம்தான் பெரிய ஓட்டை. நாடு முழுவதும் 18 மாநிலங்களின் 37 வெப்பத் திட்டங்களை 2023-ல் அலசிய கொள்கை ஆய்வு மையம், 11 திட்டங்கள் மட்டுமே நிதி எங்கிருந்து வரும் என்று பேசுவதாகவும், இரண்டே இரண்டுதான் யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று முறையாக அளந்திருப்பதாகவும் கண்டது. அடுத்த ஓட்டை இரவு. வரம்புகள் பகல் உச்ச வெப்பத்தை மட்டுமே பார்க்கின்றன. கான்கிரீட் வீட்டில் இரவு 31 டிகிரிக்குக் கீழே இறங்காமல் மூன்று நாள் போனால், பகலில் 41 இருந்தாலும் உடல் மீள நேரம் கிடைக்காது. ஈரப்பதமும் அந்த வரம்பில் இல்லை. அகமதாபாத்துக்கு அது பொறுக்கும். நாகப்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் பொறுக்காது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்புக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் வைத்தது. சென்னையில் சில சிக்னல்களில் இருசக்கர வாகன ஓட்டிகளுக்குப் பச்சை நிழல் வலை கட்டப்படுகிறது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் சான்றிதழில் வெப்பம் என்று எழுதப்படாத இறப்புக்கு நிவாரணம் போய்ச் சேராது. ஆகவே மருத்துவர் பயிற்சியும் பதிவேட்டு அலசலும் இங்கே இன்னும் அவசரம்.

அகமதாபாத் நாட்காட்டியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மறுஆய்வுக் காலம். அந்த மூன்று மாதத்தில் இறப்புப் பதிவேட்டை எடுத்து, எச்சரிக்கை விட்ட நாட்களையும் விடாத நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை இல்லாத நாளில் இறப்பு கூடியிருந்தால் வரம்பைக் குறைக்க வேண்டும். எந்த வார்டில் கூடியது என்று தெரிந்தால் அடுத்த ஆண்டின் கூரையும் நிழற்குடையும் அந்த வார்டுக்குப் போக வேண்டும். அந்தப் பட்டியல் டிசம்பருக்குள் நிதிநிலை அறிக்கைத் தயாரிப்புக்கு வந்தால்தான் பிப்ரவரியில் டெண்டர் முடிந்து, மார்ச் 15-க்குள் சுண்ணாம்பு அடிக்க முடியும். ஏப்ரலில் கோப்பு நகர்ந்தால் வேலை முடிவது ஜூன் மழையில்.